மாவுக்கட்டு மான்மியம்

லண்டனில் ஸ்காட்லாந்து யார்டு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்தபடி உலகத்திலேயே நாம்தான். அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். ஆளுங்கட்சியில் இருக்கும்போது அமைச்சர் மார்தட்டிச் சொல்வார். எதிர்க்கட்சிக்குப் போனதும் அவரே, "ஸ்காட்லாந்து யார்டுக்கு இணையாக இருந்த நம் காவல்துறை…" என்று இழுத்துப் பெருமூச்சு விடுவார். இந்த வரிசையை யார் போட்டது, எந்தத் தராசில் நிறுத்தார்கள், மூன்றாவது இடம் யாருக்கு என்று எவரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கும் எண்ணமில்லை. என் மனக்குறை வேறு. இரண்டாவது இடத்தோடு நாம் ஏன் திருப்தியடைய வேண்டும்? யார்டுக்காரர்களிடம் ஆய்வகம் இருக்கலாம், அறிவியல் இருக்கலாம். நம்மிடம் இருக்கிற தரை அவர்களிடம் இருக்கிறதா?

தரை என்றால், காவல் நிலையக் கழிவறைத் தரை.

நாளிதழ் வாசிக்கிற எவருக்கும் அதன் கீர்த்தி தெரியும். "கைது செய்யப்பட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்ததில் வலது கை முறிந்தது." பக்கத்தில் ஒரு படம்: அரசு மருத்துவமனைக் கட்டில், கையிலோ காலிலோ வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. இந்தத் தரையின் ஞானத்தை நான் வெகு நாளாக வியந்து வருகிறேன். ஏட்டையா பூட்ஸ் காலோடு போகிறார், விழுவதில்லை. எஸ்.ஐ. காதில் செல்போனை இடுக்கிக்கொண்டு போகிறார், விழுவதில்லை. இரவுப் பணியில் பாதித் தூக்கத்தில் போகிற காவலரும் விழுவதில்லை. கைதானவர் கால் வைத்ததும் தரை விழித்துக்கொள்கிறது. அதுவும் கண்மூடித்தனமாக அல்ல. வழக்கு விவரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வழுக்குகிறது. அரிவாள் எடுத்தவனுக்கு அரிவாள் பிடித்த கை. தப்பி ஓடியவனுக்குக் கால். பல கோடி ரூபாய் சீட்டு மோசடி செய்த நிதி நிறுவன முதலாளி அதே நிலையத்துக்கு வருவார். அவருக்கு நெஞ்சுவலி வரும், ரத்தக் கொதிப்பு ஏறும், தனியார் மருத்துவமனையில் ஏசி அறை கிடைக்கும். வழுக்கி மட்டும் விழமாட்டார். ஏழை பணக்காரன் அறிந்து நடக்கிற தரையை எந்தக் கொத்தனாரால் போட முடியும்?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கே 2025-இல் இந்த வியப்பு வந்தது. காவல் நிலையக் கழிவறைகள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா, அதிகாரிகளுக்கு வழுக்காதா என்ற பொருள்பட நீதிபதிகள் கேட்டார்கள். அறிவியல் ஆர்வம் எல்லோருக்கும் இருக்கும்தானே.

ஒரு தலத்துக்குப் பெருமை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றால் வரும் என்பார்கள். நம் காவல் நிலையத்தில் தீர்த்தம் மேலே சொன்னது. மூர்த்திகள் காக்கியில் இருக்கிறார்கள். தல வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நாம் நினைப்பதைவிடப் பழையது.

அன்றைய சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பதும் திருடனைப் பிடிப்பதும் ஏறத்தாழ ஒரே ஆட்களின் வேலை. வரி கொடுக்காத குடியானவனுக்கும், களவை ஒப்புக்கொள்ளாத சந்தேகப் புள்ளிக்கும் கிட்டி போட்டார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெருக்கும் கருவி அது. புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போய், கும்பினி அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. சித்திரவதை பற்றிய அந்தக் குழுவின் அறிக்கை 1855-இல் வந்தது. நடந்தது உண்மைதான் என்றது. பரிகாரம் என்ன? வருவாய்த் துறையிடமிருந்து காவலைப் பிரித்து, தனியாக, முறையாக, சீருடையோடு ஒரு காவல் படை அமைப்பது. 1859-இல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. ஆக, நம் காவல்துறை சித்திரவதையை ஒழிப்பதற்காகவே பெற்றெடுக்கப்பட்ட பிள்ளை. கிட்டியை இன்று எந்தக் காவல் நிலையத்திலும் பார்க்க முடியாது. பிள்ளை கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டது. இப்போது எல்லாம் தரை பார்த்துக்கொள்கிறது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரில் சேவித்தவன் சொன்னால்தானே தல புராணம் எடுபடும்.

சில வருடங்களுக்கு முன் என் ஸ்கூட்டர் காணாமல் போனது. மருந்துக்கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி சொன்னது: "வண்டி போனாப் போகட்டும். நீங்க ஸ்டேஷனுக்கெல்லாம் போகாதீங்க." எங்கள் பக்கம் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லும் உச்சபட்ச நற்சான்றிதழ், "போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காத குடும்பம்" என்பது. தபால் நிலைய வாசலை மிதிக்காத குடும்பம் என்றோ, ஆரம்ப சுகாதார நிலைய வாசலை மிதிக்காத குடும்பம் என்றோ யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கருவறைக்குள்தான் கண்டவரும் நுழையக் கூடாது. அந்தப் பெருமை அரசு அலுவலகங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

குடும்ப கௌரவத்தை உதறிவிட்டுப் போனேன். முதல் நிலையத்தில், மருந்துக்கடை தங்கள் லிமிட்டில் வராது என்றார்கள். இரண்டாம் நிலையத்தில், கடை தங்கள் லிமிட்தான், ஆனால் வண்டி நின்ற வாசல் முதல் நிலையத்து லிமிட் என்றார்கள். ஒரு துண்டு நிலத்துக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளும் ஊரில், வலியக் கிடைத்த நிலத்தை இருவரும் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று விட்டுக்கொடுப்பதைப் பார்த்து நெகிழ்ந்து போனேன். மூன்றாவது தடவை போனபோது ரைட்டருக்கு என் மேல் இரக்கம் வந்தது.

"வண்டியப் பூட்டினீங்களா பெரியவரே?"

"பூட்டினேன் ஐயா."

"ஹேண்டில் லாக்?"

"அதுவும் போட்டேன்."

"அப்புறம் எப்படிப் போகும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அரை மணி நேர விசாரணையில், என் வண்டியை நானே திருடியிருப்பேனோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. புலனாய்வு என்றால் அது. பிறகு பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். அரை லிட்டர் இருக்கும் என்றேன். "அப்ப பக்கத்துலதான் எங்கயாவது கெடக்கும். எடுத்துட்டுப் போன பசங்க பெட்ரோல் தீந்ததும் போட்டுட்டுப் போயிருப்பானுங்க. ரெண்டு நாள் நல்லா தேடிப் பாருங்க." உட்கார்ந்த இடத்திலிருந்து எரிபொருள் கணக்கை வைத்தே வழக்கை முடித்தவர் அவர். தேடும் பொறுப்பு மட்டும் எனக்கு.

தேடினேன், கிடைக்கவில்லை, மறுபடி போனேன். மனு எழுதிக்கொடுத்தேன். "ஏ4 பேப்பர் ஒரு பண்டல் வாங்கிட்டு வந்துருங்க. ஸ்டேஷன்ல பேப்பர் இல்ல" என்றார். வாங்கிக்கொடுத்தேன். கோயிலுக்கு எண்ணெய் கொடுப்பது போலத்தான். அன்று மாலை அதிலிருந்து ஒரே ஒரு தாளில் பாதியைக் கிழித்து எனக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம் அது. எஃப்.ஐ.ஆர். என்பது வேறு. இன்சூரன்ஸ்காரர் கேட்பது எஃப்.ஐ.ஆர்.

பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. நீதிபதிகளுக்குப் புள்ளிவிவரத்தின் அருமை தெரியவில்லை. வருகிற களவையெல்லாம் பதிவு செய்துகொண்டே போனால் குற்றம் எப்படிக் குறையும்? ஒரு திருடனைக்கூடத் துரத்தாமல், வண்டி டீசல் ஒரு சொட்டும் செலவழிக்காமல், பேனாவை மூடி வைத்தே ஒரு சரகத்தில் திருட்டைக் குறைக்கும் வித்தையை நம் நிலையங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. நான் காத்திருந்த அதே நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவர் வருவதற்கு முன்பே யாரோ போன் செய்திருந்தார்கள். அவருக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது, பத்து நிமிடத்தில் எஃப்.ஐ.ஆர். வந்தது. எனக்கு பெஞ்சு. எனக்கு முன்னாலிருந்தே காத்திருந்த ஒரு கிழவிக்கு வாசற்படி. பேத்தியைக் காணவில்லை என்று வந்தவள் அவள். ஆளைப் பார்த்ததும் இடத்தைக் காட்டுகிற இந்தக் கூர்மைக்குத் தனிப் பயிற்சி தருகிறார்களா, சீருடையோடு சேர்ந்தே வருகிறதா தெரியவில்லை.

காத்திருந்த நேரத்தில் சுவரைப் பார்த்தேன். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் விதித்த பதினொரு கட்டளைகள் பலகையாக மாட்டியிருந்தன. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று, ஒரு கீறல் இல்லாமல், நேற்று எழுதியது போல இருந்தது. எனக்கு ஔவை நினைவுக்கு வந்தாள். புறநானூற்றில் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, உன் வேல்களெல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டியவள். அந்தப் பலகையைப் பார்த்திருந்தாலும் வாயாரப் புகழ்ந்திருப்பாள். மூலையில் சாய்த்து வைத்திருந்த லத்தியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாள். அது மட்டும்தான் கைபட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

வெளியே வரும்போது இன்னொரு பலகை: காவல்துறை உங்கள் நண்பன். உண்மையிலேயே அபூர்வமான நட்பு. எதிரில் கைகட்டி நின்று "ஐயா" என்று அழைக்க வேண்டிய நண்பன் வேறு யார் இருக்கிறார்? நண்பனாகவே ஆக்கிவிடலாம் என்று ராமநாதபுரத்தில் 1993-இல் ஒரு காவல் அதிகாரி 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நல்ல எண்ணம்தான், மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூலையில் அரசு அதற்குத் தடை போட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் சாத்தான்குளம்.

அதைச் சொல்லாமல் இந்த மான்மியம் முழுமையடையாது. 2020 ஜூன் 19, ஊரடங்குக் காலம். ஓர் அப்பாவும் மகனும் செல்போன் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்பாவை அழைத்துப் போனார்கள், பின்னாலேயே மகன் போனார். காவல் நிலையம் எழுதிய எஃப்.ஐ.ஆரில், இருவரும் தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் ஏற்பட்டது என்று இருந்தது. என் ஸ்கூட்டருக்கு எழுதப்படாத எஃப்.ஐ.ஆர். இந்தத் தரைக்கு உடனே எழுதப்பட்டது. மகன் 22-ஆம் தேதியும் அப்பா 23-ஆம் தேதியும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரை ஒரு காவலர் ஒருமையில் பேசி, உன்னால் ஒன்றும் ஆகாது என்ற அர்த்தத்தில், அச்சில் போட முடியாத வினைச்சொல்லோடு உபசரித்தார். கேமராப் பதிவைக் கேட்டபோது, ஒரு டெராபைட் கொள்ளளவு இருந்தும் பதிவு தினந்தோறும் தானே அழிந்துவிடும்படி அமைத்திருந்தது தெரிந்தது. தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வீடு போல, அவ்வளவு சுத்தம். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பழசைச் சேர்த்து வைப்பது வீட்டுக்கு ஆகாது என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது?

அன்று இரவு அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் மட்டும் நடந்ததை நடந்தபடி நடுவரிடம் சொன்னார். மொத்தப் புகழ்ச்சியில் அவருக்கு நான் ஒன்றும் ஒதுக்கவில்லை. அவரை இந்தத் தொனியில் புகழக் கூடாது.

பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வேலை செய்தது. சாட்சியங்கள் கலையாமல் இருக்க, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர வழி செய்தது. 1859-இல் கிட்டியை ஒழிக்க வருவாய்த் துறையிடமிருந்து காவலைப் பிரித்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? 161 வருடம் கழித்து, தாய் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். வரலாற்றில் இவ்வளவு கச்சிதமான மறுவீடு நான் கேள்விப்பட்டதில்லை.

போலீஸ் மேல் புகார் இருந்தால் எங்கே போவது என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் ஏற்பாடு உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு புகார் ஆணையம் வேண்டும் என்றது. நம் மாநிலம் 2013-இல் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும். மாமியார் கொடுமை தாங்காத மருமகள் போய்ச் சொல்ல மாமியாரையே நாட்டாமையாக உட்கார வைத்த குடும்பம் இது. குடும்ப விஷயம் வெளியே போகாது.

கணக்கைப் பார்த்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு திறமையானது என்று புரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2020 வரையான இருபது ஆண்டுகளில் நாடு முழுதும் காவலில் இறந்தவர்கள் 1,888 பேர். போலீஸார் மேல் பதிவான வழக்கு 893. குற்றப்பத்திரிகை தாக்கலானவர்கள் 358 பேர். தண்டனை பெற்ற போலீஸார் 26 பேர். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் நிதானத்தை அவசரக்காரர்கள் குறை சொல்லலாம்.

அடிப்பதை மட்டுமே சொன்னால் ஓரவஞ்சனை. பேசித் தீர்ப்பதிலும் நம் நிலையங்கள் கைதேர்ந்தவை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு பாதுகாப்புக் கேட்டு வருகிற பிள்ளைகளை உட்கார வைத்து, இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் வரச் சொல்லி, "பெத்தவங்க மனசு" பற்றி ஒரு மணி நேரம் உருகுவார்கள். 2024 ஜனவரியில் பல்லடம் போலீஸார் அப்படித்தான் பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தகப்பனோடு சமாதானமாக அனுப்பி வைத்தார்கள். மறுநாளே அந்தப் பெண் உயிரோடில்லை. பிறகு இன்ஸ்பெக்டரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். குடும்பம் பிரியாமல் சேர்த்து வைக்கப் பார்த்தவருக்கு இந்தக் காலத்தில் நல்ல பெயர் கிடைப்பதில்லை.

மடப்புரத்துக்கு வருகிறேன். 2025 ஜூன். அந்த ஊர்க் காளி கோயிலில் தற்காலிகக் காவலாளியாக வேலை பார்த்த இளைஞர் மேல் நகை காணோம் என்று வாய்மொழியாக ஒரு புகார். தனிப்படை வந்தது. எஃப்.ஐ.ஆர். போடாமலேயே விசாரணை தொடங்கியது. எத்தனை ஏ4 தாள் மிச்சம். காவலுக்கு இருந்த பையனைக் காவல்துறை விசாரித்ததில், காவலாளி 28-ஆம் தேதி இறந்துபோனார். தப்பி ஓடப் பார்த்து விழுந்தார், வலிப்பு வந்தது என்று முதலில் சொன்னார்கள். மறுபடியும் விழுதல், மறுபடியும் தரை. உடற்கூறாய்வில் கண்ட காயங்கள் 44 என்று உயர் நீதிமன்றத்தில் எண்ணினார்கள். நாற்பத்து நான்கு இடத்தில் காயம் படும்படி ஒருவர் வலிப்பில் விழ வேண்டுமானால் எத்தனை முறை எழுந்து எழுந்து விழ வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன். யாரோ ஒளிந்து நின்று செல்போனில் எடுத்த சில நொடிக் காட்சி இல்லாவிட்டால், அந்த வலிப்பு இன்றைக்கும் வலிப்பாகவே இருந்திருக்கும். முதலமைச்சர் இறந்தவரின் தாயிடம் போனில் 'சாரி' சொன்னார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, தனிப்படைகளைக் கலைக்க உத்தரவு வந்தது. நகை மட்டும் எங்கே போனது என்று கேட்காதீர்கள். அது வேறு விஷயம்.

இவ்வளவையும் காக்கியின் கணக்கில் மட்டும் எழுதினால் நியாயமில்லை. நாம் என்ன சும்மாவா இருந்தோம்? மாவுக்கட்டுப் படம் வந்தால் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் முதலில் கைதட்டல் பொம்மை போடுவது யார்? என் பெரியப்பா மகன், தமிழாசிரியராக ஓய்வு பெற்றவர், எறும்பை மிதிக்காமல் நடக்கிறவர். "நாலு தட்டு தட்டினாத்தான் உண்மை வரும்" என்பது அவர் வாக்கு. சினிமாவில் இன்ஸ்பெக்டர் பெல்ட்டைக் கழற்றும்போது நாம் அடிக்கும் விசில் தியேட்டர் கூரையைத் தூக்கும். அதே நாம் 'விசாரணை' படம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவோம். இரண்டுக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். காவல்துறைக்கும் பொதுமக்களுக்கும் இடைவெளி இருக்கிறது என்று கருத்தரங்கில் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருவரும் ஒரே மனதாகத்தான் இருக்கிறார்கள். உள்ளே போகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதில் மட்டும் சின்ன கருத்து வேறுபாடு வரும்.

காவலரையும் மறந்துவிடக் கூடாது. அமைச்சர் போகிற சாலையில் காலை ஆறு மணிக்கு நிற்க வைப்பார்கள், அமைச்சர் மதியம் வருவார். பெண் காவலர்களை இப்படி ரோட்டோரம் நிறுத்த வேண்டாம் என்று சொல்லவே 2021 ஆக வேண்டியிருந்தது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று அதே ஆண்டு டி.ஜி.பி. உத்தரவு போட்டார். அந்த விடுமுறை வந்ததா என்று எந்தக் காவலரையாவது தனியாகக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அதிகாரிகள் வீட்டில் காவலர்கள் துணி துவைக்கவும் நாய் குளிப்பாட்டவும் கூடாது என்று ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசாணையில் ஒழித்தாகிவிட்டது. ஒழித்ததை மறுபடி ஒழிக்கச் சொல்லி 2022-இலும் உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. பத்தாண்டுகள் "ஐயா" போட்டு, நாய்க்குச் சோறு வைத்து, திட்டு வாங்கி வந்தவர் முன்னால் ஒரு கைதியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவர் அன்பைத் தவிர வேறு எதைக் காட்டப் போகிறார்?

என் ஸ்கூட்டர் கிடைக்கவில்லை. போன மாதம் மறுபடியும் ஒரு 'வழுக்கி விழுந்தார்' செய்தி படித்ததும், குடிமகனாக நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பாத்திரக் கடைக்குப் போய் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கினேன். அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்கள் வைத்தது. வயதானவர்கள் குளியலறையில் போடுவது. நிலையத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். வாசல் வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் நின்றேன். "யாருங்க, என்ன வேணும்?" என்று பாரா நின்ற காவலர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விரிப்பு இப்போது எங்கள் வீட்டுக் குளியலறையில் கிடக்கிறது. இதுவரை யாரும் விழவில்லை.